படிப்பு முடித்ததும் ஒரு வருடம் சேவைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கல்லூரி முடித்த கையோடு வேலை தேடாமல், ஒரு வருடம் கிராமத்திலோ பள்ளியிலோ மக்களோடு இருந்து உழைக்கலாம் என்று நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் பாதியில் மூட்டை கட்டுகிறவர்களும் உண்டு. விசாரித்தால், கிளம்பும் முன்பே கவனித்திருக்க வேண்டிய ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

முதலில் ‘ஒரு வருடம்’ என்ற கணக்கே சரியா என்று பாருங்கள். கிராமங்களில் வேலை செய்ய அனுப்பும் எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா திட்டம் 13 மாதம். பள்ளியில் பாடம் நடத்தும் டீச் ஃபார் இந்தியாவும், அரசுப் பள்ளிகளோடு வேலை செய்யும் காந்தி ஃபெலோஷிப்பும் 2 வருடம். ஒரு வருடம் என்று வீட்டில் சொல்லிவிட்டு 2 வருடத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டால், முதல் தீபாவளிக்கே சண்டை வரும்.

கடன் வாங்கிப் படித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கல்விக் கடனில் பெரும்பாலும் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும்தான் தவணை கட்டாமல் இருக்கலாம். மே மாதம் படிப்பு முடிந்து, சேவைத் திட்டம் செப்டம்பரிலோ அக்டோபரிலோ தொடங்குகிறது என்று வையுங்கள். 13 மாதம் முடிவதற்குள் வங்கியிலிருந்து தவணைக்கு அழைப்பு வந்துவிடும். வட்டி மானியம் இல்லாதவர்களுக்கு அதுவரை வட்டியும் ஏறியிருக்கும். கையில் வருகிற உதவித்தொகை ஊரில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமே சரியாகப் போய்விடும். அப்பா கட்டிக்கொள்வார் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கடன் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

கேம்பஸில் வேலை கிடைத்திருந்தால், சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

அங்கே போய் யுபிஎஸ்சிக்கும் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. பகலெல்லாம் களத்தில் அலைந்துவிட்டு ராத்திரி புத்தகம் திறந்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

மொழி விஷயம் இருக்கிறது. கொஞ்சம் இந்தி தெரிந்தால் போதும் என்று ராஜஸ்தான் போகிறவர்கள், உதய்ப்பூர் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்கள் பேசும் மேவாரி புரியாமல் திணறுவார்கள். முதல் இரண்டு மாதம் பேச்சைக் கற்பதுதான் வேலை என்று எடுத்துக்கொண்டால் இந்தத் திணறல் சீக்கிரம் தீரும்.

இவை எல்லாவற்றையும்விட ஊர்க்காரர்களை நேரடியாகப் பாதிக்கிற தவறு ஒன்று உண்டு. போன வேகத்தில் எதையாவது மாற்றிக் காட்ட நினைப்பது. சேவைக்குப் போனவர்கள் மகளிர் குழுக் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைப்பார்கள். அந்த நேரத்தில் பெண்கள் வயலிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பார்கள். யாரும் வராவிட்டால், ‘ஆர்வம் குறைவு’ என்று அறிக்கை எழுதுவார்கள். ராத்திரி சமையல் முடிந்து எட்டு மணிக்குமேல் போனால் திண்ணை நிறைய ஆள் இருக்கும். அப்புறம் கணக்கு. கோடு போட்ட நோட்டில் குழுத் தலைவி எழுதிவந்த சேமிப்பையும் கடனையும், வசதிக்காக என்று தன் லேப்டாப்புக்கு மாற்றிவிடுவார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது லேப்டாப்பும் கூடவே போய்விடும். யார் எவ்வளவு கட்டினார்கள் என்று குழுவுக்குள் தகராறு தொடங்கும். நோட்டைக் குழுத் தலைவி கையிலேயே விடுங்கள். கூட்டலில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள். நீங்கள் போன பிறகு யார் செய்வார் என்பதற்குப் பதில் இல்லாத எதையும் தொடங்காதீர்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் கல்வியாண்டு முடியும்வரை இருக்க முடியுமா என்று யோசித்துவிட்டுச் சேருங்கள். டிசம்பரில் ஒருவர் விட்டுப்போனால், மார்ச் மாதத் தேர்வுக்குள் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொருவர் பழகுவதே கஷ்டம்.

நிறுவனத்தைப் பற்றி அதன் இணையதளத்தை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். போன வருடம் அங்கே இருந்தவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள். அதில் ஒருவர் பாதியில் விலகியவராக இருந்தால் நல்லது. தங்கும் இடம், கழிப்பறை, உடம்பு சரியில்லாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, பெண்கள் தனியாகப் போய்வர என்ன ஏற்பாடு என்று எல்லாவற்றையும் கேளுங்கள். சேர்வதற்கே பணம் கட்டச் சொன்னால், எதற்கு என்று தெளிவாகத் தெரியாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.