ஒரே தரைவழி இணைப்பில் குரல்செய்தி, மின்னஞ்சல், தொலைநகல்: வெளியூரிலிருந்து கேட்டுப் பெறும் முறை

என் மாமா தூத்துக்குடியில் சுங்க அனுமதி முகவர் அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறார். கண்நீர் அழுத்த நோயால் பார்வை மங்கிவிட்டதால், திறன்பேசியின் திரையில் எதையும் அவரால் படிக்க இயலாது. பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசிதான் வைத்திருக்கிறார். மாதத்தில் பாதி நாள் கொச்சிக் கிளையில் இருப்பவர் என்பதால், தூத்துக்குடி அலுவலகத்துக்கு வரும் குரல்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் தொலைபேசியிலேயே கேட்க வேண்டும், தொலைநகலாக வரும் தாள்கள் மட்டும் கொச்சியில் உள்ள தொலைநகல் இயந்திரத்துக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டார். அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு தரைவழி இணைப்பு. அதை வைத்துக்கொண்டே ஆஸ்டரிஸ்க் என்னும் கட்டற்ற தொலைபேசி நிலைய மென்பொருளால் இதைச் செய்து முடித்தேன். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இதைப் படித்துவிட்டுச் செய்பவர்களுக்கு இரண்டு நாள் போதும்.

லினக்ஸ் நிறுவுவது, கணினிக்கு நிலையான உள்வலை முகவரி தருவது, அமைவுக் கோப்புகளைத் திருத்துவது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

பழைய கணினி ஒன்று, அல்லது ராஸ்பெர்ரி பை 4. தரைவழி இணைப்பை உள்வலைக்குக் கொண்டுவரும் சிறிய இணைப்புப் பெட்டி ஒன்று. இந்தப் பெட்டியை வாங்கும்போது எஃப்எக்ஸ்ஓ என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஃப்எக்ஸ்எஸ் துளை தொலைபேசிக் கருவியைச் செருகுவதற்கானது. எஃப்எக்ஸ்ஓ துளை, சுவரிலிருந்து வரும் இணைப்பைச் செருகுவதற்கானது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான பெட்டிகளில் முதல் வகை மட்டுமே இருக்கும், அவை நமக்குப் பயன்படா. துளை மாற்றிச் செருகினால் பெட்டி பழுதாகவும் கூடும்.

உலாவியில் பொத்தான்களை அழுத்தி அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் போன்ற மேல்பூச்சுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாம் கையால் எழுதும் வரிகளுக்கென்று அவற்றில் தனிக் கோப்புகள் உண்டு. அதை மறந்து வேறு கோப்பில் எழுதிவிட்டால், அடுத்த முறை சேமிக்கும்போது நம் வரிகள் காணாமல் போய்விடும். ஐந்தாறு கோப்புகளே தேவைப்படும் இந்த வேலைக்கு வெறும் ஆஸ்டரிஸ்க் போதும்.

ஆஸ்டரிஸ்க்கை நிறுவுதல்

டெபியன் 12 பதிப்பின் களஞ்சியத்தில் ஆஸ்டரிஸ்க் இல்லை என்பதால், மூல நிரலை இறக்கி நாமே தொகுக்க வேண்டும். தொகுப்பதற்கு முன்பே ஸ்பேன்டிஎஸ்பி நூலகத்தின் மேம்பாட்டுத் தொகுதியை நிறுவிவிடுங்கள். தொலைநகல் இயந்திரத்தின் வேலையை மென்பொருளாகச் செய்வது அந்த நூலகம்தான். பிறகு வரும் தேர்வுப் பட்டியலில், தொலைநகலுக்கான ஸ்பேன்டிஎஸ்பி கூறுக்கு முன்னால் மூன்று எக்ஸ் குறிகள் தெரிந்தால் நூலகம் கிடைக்கவில்லை என்று பொருள். அதைக் கவனிக்காமல் தொகுத்தால் குரல்செய்தி எல்லாம் வேலை செய்யும், தொலைநகல் மட்டும் செய்யாது.

இணைப்புப் பெட்டியையும் ஆஸ்டரிஸ்க்கையும் பிஜேசிப் (இணைய நெறிவழி அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டரிஸ்க் கூறு) முறையில் இணைத்து, இரண்டு பக்கமும் ஏ-லா ஒலிமுறையை மட்டும் அனுமதியுங்கள். ஜி.729 போன்ற சுருக்கும் முறைகள் பேச்சைக் காப்பாற்றும். தொலைநகலின் ஒலியைச் சிதைத்துவிடும். பொத்தான் ஒலிகளைத் தனித் தகவலாக அனுப்பும் ஆர்எஃப்சி 2833 முறையை இரு பக்கமும் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் வேறொன்றும் இருந்தால், ஒருமுறை அழுத்திய எண் இருமுறை பதிவாகி, ரகசிய எண் தவறு என்று கணினி திரும்பத் திரும்பச் சொல்லும்.

இணைப்பு துண்டிக்கப்பட்டதைப் பெட்டி உணரச் செய்தல்

மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தை விழுங்கியது இந்த ஒரு படிதான். ஆகவே இதை நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் நாள் எல்லாம் சரியாக நடந்தது. இரண்டாம் நாள் காலை மாமா அழைத்து, நேற்று மாலையிலிருந்து அலுவலக எண் எங்கேஜாகவே இருக்கிறது என்றார். ஆஸ்டரிஸ்க்கின் பதிவேட்டைப் பார்த்தால், முந்தைய நாள் மாலை 5.40-க்கு வந்த ஓர் அழைப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அழைத்தவர் ஒரு நிமிடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பெட்டி மட்டும் கீழே வைக்கவே இல்லை. அதற்கு முந்தைய குரல்செய்தி ஒன்றைத் திறந்தபோது, “நாளைக்குக் கூப்பிடுறேன்” என்ற ஒரு வாக்கியமும், அதன்பின் நெடுநேரம் எங்கேஜ் ஒலியும் இருந்தன.

காரணம் இதுதான். மறுமுனையில் உள்ளவர் வைத்துவிட்டார் என்பதைத் தரைவழி இணைப்பு பல இடங்களில் மின்குறியாகத் தெரிவிப்பதில்லை. எங்கேஜ் ஒலியை மட்டுமே அனுப்புகிறது. மனிதர் என்றால் அதைக் கேட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவார். பெட்டிக்கோ அந்த ஒலி எப்படி இருக்கும் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். வாங்கும்போது அதில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க ஒலி, அதாவது 480, 620 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் கலந்து, அரை விநாடி ஒலித்து அரை விநாடி ஓய்வது. இந்தியாவின் எங்கேஜ் ஒலி 400 ஹெர்ட்ஸ் மட்டும்; 0.75 விநாடி ஒலி, 0.75 விநாடி ஓய்வு. பெட்டியின் அமைவுப் பக்கத்தில் எஃப்எக்ஸ்ஓ பகுதிக்குச் சென்று, ஒலியைக் கேட்டுத் துண்டிக்கும் வசதியை இயக்கி, அலைவெண்ணுக்கு 400 என்றும், கால அளவுக்கு 750, 750 என்றும் கொடுங்கள். இணைப்பு நெரிசலைக் காட்டும் ஒலியும் அதே 400 ஹெர்ட்ஸ்தான், ஆனால் 250, 250 மில்லி விநாடி. இடமிருந்தால் அதையும் சேருங்கள்.

இணையத்தில் எவரோ எழுதிய எண்ணை நம்பாமல் (என்னுடையதையும்தான்) உங்கள் இணைப்பிலேயே அளந்துவிடுங்கள். கைப்பேசியிலிருந்து அலுவலகத்தை அழைத்து, குரல்செய்தி பதிவாகத் தொடங்கியதும் வைத்துவிடுங்கள். பதிவான கோப்பை ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால், எங்கேஜ் ஒலி வரிசையாக அடுக்கிய செங்கற்களைப் போலத் தெரியும். ஒரு செங்கல்லின் நீளமும் இடைவெளியின் நீளமும்தான் நீங்கள் தர வேண்டிய எண்கள்.

பாதுகாப்புக்காகக் குரல்செய்தி ஒன்றின் உச்ச நீளத்தை 180 விநாடியாகவும், தொடர்ந்து 8 விநாடி மௌனம் இருந்தால் பதிவு நிற்பதாகவும் வைத்திருக்கிறேன். எங்கேஜ் ஒலி மௌனம் அல்ல என்பதால், இரண்டாவது ஏற்பாடு மட்டும் இருந்து பயனில்லை.

குரல்செய்திப் பெட்டி

இதில் சிக்கல் ஏதுமில்லை. குரல்செய்தி அமைவுக் கோப்பில் பெட்டியின் எண், ரகசிய எண், பெயர் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதினால் போதும். ரகசிய எண் குறைந்தது ஆறு இலக்கமாக இருக்கட்டும். பெட்டியைத் திறந்து கேட்கும் ஆணை ஆஸ்டரிஸ்க்கிலேயே உள்ளது: 1 அழுத்தினால் செய்திகள், 5 திரும்பக் கேட்க, 6 அடுத்தது, 7 அழிக்க, 9 சேமிக்க. அறிவிப்புகளைத் தமிழில் மாமியின் குரலில் பதிவு செய்து வைத்தேன். ஒன்று முதல் இருபது வரை எண்களையும் அவரே சொல்லியிருக்கிறார்.

மின்னஞ்சலை வாசிக்கச் செய்தல்

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சிறிய பைத்தான் நிரல் அஞ்சல் பெட்டியைத் திறந்து, நாம் குறித்துவைத்த அனுப்புநர்களின் கடிதங்களை மட்டும் எடுத்து, அனுப்பியவர் பெயர், பொருள், முதல் 500 எழுத்துகள் ஆகியவற்றை ஈஸ்பீக்-என்ஜி மென்பொருளிடம் கொடுக்கிறது. அதில் தமிழ்க்குரல் உண்டு. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இணையம் இல்லாமலே வேலை செய்யும், வணிகக் கடிதங்கள் வெளியே எந்த நிறுவனத்தின் கணினிக்கும் போகா. அதனால் மேகச் சேவைகளைவிட இதையே விரும்புகிறேன். யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களைச் சேர்ந்த எழுத்து கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தமிழ்க்குரல், இல்லையேல் ஆங்கிலக்குரல் என்று நிரல் முடிவு செய்யும். வேகத்தை நிமிடத்துக்கு இயல்பான 175 சொல்லிலிருந்து 130-ஆகக் குறைத்த பிறகே மாமாவுக்குப் புரிந்தது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஈஸ்பீக் தருவது 22050 ஹெர்ட்ஸ் கோப்பு. ஆஸ்டரிஸ்க் சாதாரண வேவ் கோப்பில் எதிர்பார்ப்பதோ 8000 ஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம், 16 பிட். மாற்றாமல் கொடுத்தால் அழைத்தவருக்கு மௌனம்தான் கேட்கும். பதிவேட்டில் மட்டும் அலைவெண் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை இருக்கும். சாக்ஸ் என்னும் ஒலிக்கோப்பு மாற்றும் கருவியைக் கொண்டு மாற்றிவிடுங்கள். இரண்டாவது, ஒலிபரப்பும் ஆணையில் கோப்பின் பெயரைப் பின்னொட்டு இல்லாமல் எழுத வேண்டும். பின்னொட்டோடு எழுதிவிட்டு, கோப்பு கண்ணெதிரே இருக்கக் காணவில்லை என்கிறதே என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினேன்.

இந்த ஒலிக்கோப்புகளைக் குரல்செய்திக் கோப்புறையிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். ஒரு செய்தியை அழித்தால் மற்றவற்றின் வரிசை எண்களை ஆஸ்டரிஸ்க் மாற்றி அடுக்கும். நம் நிரல் அதே நேரத்தில் எழுதினால் ஒன்றின்மேல் ஒன்று விழும். தனிக் கோப்புறையே நல்லது.

தொலைநகலைப் பெறுதல்

அனுப்பும் இயந்திரம் 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை விநாடி எழுப்பி, மூன்று விநாடி ஓயும். இதைக் கண்டுபிடிக்கும் வசதியைப் பிஜேசிப் அமைவில் இயக்கினால், ஒலி கேட்டதும் அழைப்பு ஃபேக்ஸ் என்ற பெயருடைய எக்ஸ்டென்ஷனுக்கு (அழைப்பில் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிவைத்த பகுதிக்கு) தானாகத் தாவும். அழைப்பை எடுத்ததும் குறைந்தது ஐந்து விநாடி வரவேற்பு அறிவிப்பு ஓட வேண்டும். உடனே குரல்செய்திப் பதிவுக்குள் நுழைந்துவிட்டால், தொலைநகலின் கீச்சொலி செய்தியாகப் பதிவாகும். வந்த தொலைநகல் டிஃப் என்னும் படக் கோப்பாகச் சேமிக்கப்படும். அனுப்பியவர் அடையாளத்தையும் பக்க எண்ணிக்கையையும் ஆஸ்டரிஸ்க்கே சொல்லும் என்பதால், “புதிய தொலைநகல், மூன்று பக்கம்” என்று மாமாவுக்கு அறிவிக்க முடிகிறது.

தொலைநகலை வெளியூருக்கு அனுப்புதல்

1990-களில் இருந்த தொலைநகல் சேவைகளில் இரு வழிகள் வழக்கில் இருந்தன. தொலைநகல் இயந்திரத்தின் கைப்பிடியிலிருந்தே அழைத்து, அதே அழைப்பில் தாளைப் பெறுவது ஒன்று. எந்தத் தொலைபேசியிலிருந்தாவது அழைத்து எண்ணைத் தெரிவித்துவிட்டு வைத்த பிறகு, கணினி தனியாக இயந்திரத்தை அழைப்பது மற்றொன்று. மாமா கைப்பேசியிலிருந்து அழைப்பவர் என்பதால் இரண்டாவது வழியையே எடுத்தேன்.

கணினி தானாக அழைப்பதற்கு, எண்ணையும் அனுப்ப வேண்டிய கோப்பையும் குறிப்பிட்ட அழைப்புக் கோப்பு ஒன்றை ஆஸ்டரிஸ்க்கின் வெளிச்செல் கோப்புறையில் போட வேண்டும். அங்கேயே உட்கார்ந்து எழுதக் கூடாது, நகலெடுக்கவும் கூடாது. பாதி எழுதிய கோப்பை ஆஸ்டரிஸ்க் படித்துவிடும். அதே வட்டுப் பகுதியில் வேறிடத்தில் எழுதி முடித்து, நகர்த்த வேண்டும். கோப்பின் திருத்த நேரம் எதிர்காலத்தில் இருந்தால், அந்த நேரம் வரும்வரை ஆஸ்டரிஸ்க் காத்திருக்கும்.

இணைப்பு ஒன்றே என்பதால், மாமா பேசி முடிக்கும் முன் இந்த அழைப்பு கிளம்பினால் தோற்றுவிடும். முதலில் பொத்தானை அழுத்தியதிலிருந்து இரண்டு நிமிடம் என்று வைத்தேன். அவரோ மீதிச் செய்திகளையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் கழித்தே வைத்தார். இப்போது பொத்தானை அழுத்தும்போது கோரிக்கை குறித்துக்கொள்ளப்படுகிறது. அழைப்பு முடிந்ததும் ஓடும் எச் என்ற எக்ஸ்டென்ஷனில்தான் அழைப்புக் கோப்பு உருவாகி, முப்பது விநாடி கழித்துக் கிளம்புகிறது. எங்கேஜ் ஒலியைப் பெட்டி உணரும் ஏற்பாடு சரியாக இல்லையென்றால் எச் எக்ஸ்டென்ஷன் ஓடவே ஓடாது. ஆகவே அந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மறுமுயற்சி இயல்பாகச் சுழியமாக இருக்கும். இரண்டு என்று மாற்றுங்கள்.

எந்த எண்ணை வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று விடாதீர்கள். ரகசிய எண் கசிந்தால், எவரோ உங்கள் செலவில் வெளிநாட்டுக்கு அழைப்பார். நான் மூன்று எண்களை முன்பே எழுதிவைத்திருக்கிறேன்: 1 அழுத்தினால் கொச்சி, 2 வீடு, 3 தணிக்கையாளர்.

மின்னஞ்சலுடன் வரும் பிடிஎஃப்பைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் கோப்பு மாற்றும் மென்பொருள் கொண்டு டிஃப்பாக மாற்றும்போது, அங்குலத்துக்கு 204-க்கு 196 என்ற நுண்தரத்தைக் கொடுங்கள். சாதாரணத் தரத்தில் மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு 98 கோடுகளே இருப்பதால், சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளிகள் மறைந்துபோகின்றன. “கப்பல்” என்பது கொச்சியில் “கபபல” என்று வந்தது. ஏ4 தாளின் அகலம் இந்தத் தரத்தில் 1687 புள்ளிகள்தான், தொலைநகலுக்கு வேண்டியதோ 1728. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் தொலைநகல் வகை டிஃப் தேர்வுகள் இதைத் தாமே சரிசெய்யும். வேறு கருவிகளில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்சேர்க்கை

மதுரையிலிருந்து ஒரு வாசகர், தம் தரைவழி இணைப்பு கண்ணாடி இழைக்கு மாற்றப்பட்ட பிறகு ஒரு பக்கத்துக்கு மேல் தொலைநகல் போவதில்லை என்று எழுதியிருந்தார். செம்புக் கம்பி இல்லாதபோது, ஒலி பொட்டலங்களாகவே பயணிக்கிறது. ஓரிரண்டு தொலைந்தாலும் விநாடிக்கு 14400 பிட் என்ற வேகம் தாங்காது. அனுப்பும் ஆணைக்கு முன் உச்ச வேகத்தை 9600-ஆகக் குறைக்கவும், இணைப்புப் பெட்டியில் எதிரொலி நீக்கத்தைத் தொலைநகல் அழைப்புக்கு மட்டும் அணைக்கவும் சொன்னேன். ஐந்து பக்கம் வரை தடையின்றிப் போகிறது என்று மறுவாரம் பதில் வந்தது.

இன்னொருவருக்கு அழைப்புக் கோப்பு அசையாமல் அப்படியே கிடந்தது. அவருடைய ராஸ்பெர்ரி பையில் கடிகார மின்கலம் இல்லை. மின்சாரம் போய் வந்தபின் நேரம் பின்தங்கியிருந்ததால், மின்தடைக்கு முன்பு எழுதிய கோப்பு எதிர்காலத்துக்கு உரியது என்று ஆஸ்டரிஸ்க் காத்துக்கொண்டிருந்தது. கடிகாரம் இணையத்தோடு சரிபார்த்து முடித்த பிறகே ஆஸ்டரிஸ்க் தொடங்குமாறு மாற்றியதும் சரியாயிற்று.