விவாகரத்து மனு போடுவதற்கு முன்னால்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

நம்ம மாவட்டத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றதும் முதலில் கூடுவது குடும்பத்துப் பெரியவர்கள், அப்புறம் ஊர்க் கமிட்டியோ சர்ச் கமிட்டியோ, கடைசியில்தான் வக்கீல். பேசுவது நல்லதுதான். ஆனால் பேசி முடித்து, முத்திரைத்தாளில் "இனி எங்களுக்குள் சம்பந்தமில்லை" என்று எழுதி, நோட்டரி சீலும் வாங்கி வைத்துக்கொண்டு, விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்பி மறுகல்யாணம் வரை போகிறவர்கள் உண்டு. தங்கள் சமூகத்தில் வழக்கமாகவே இப்படி விவாகரத்து உண்டு என்று நிரூபிக்க முடிகிற சில சமூகங்களைத் தவிர மற்ற இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அந்தப் பத்திரம் செல்லாது. அதேபோல ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபையில் ஆயரகத் தீர்ப்பாயம், அதாவது பிஷப்பின் சபை நீதிமன்றம், திருமணம் செல்லாது என்று எழுதிக் கொடுத்தாலும் அது சபைக்குள்தான் செல்லும், கோர்ட் அதை ஏற்காது என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் முதல் வேலை, உங்கள் கல்யாணம் எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று தெரிந்துகொள்வது. இருவரும் இந்துக்கள் என்றால் 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். கிறிஸ்தவர்கள் என்றால், சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தேகோஸ்து எதுவானாலும், 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். ரிஜிஸ்டர் ஆபீஸில் சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு அந்தச் சட்டமே. கோவிலில் தாலி கட்டிவிட்டு பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்து திருமணமாகப் பதிந்தால் அது சிறப்புத் திருமணம் ஆகிவிடாது, இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள். முஸ்லிம் பெண்கள் 1939-ம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் கோர்ட்டை அணுகலாம்.

அடுத்தது, இரண்டு பேருக்கும் சம்மதமா? சம்மதம் என்றால் பாதை சுலபம். இந்துக்கள் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், கிறிஸ்தவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் இரண்டு வருடம் என்று இருக்கிறது. சேர்ந்து மனு போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி கோர்ட்டில் வந்து "மனம் மாறவில்லை" என்று சொல்ல வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் இந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகை, பணம், பிள்ளை யாரிடம் இருக்கும், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, எல்லாவற்றையும் மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். குறிப்பாகக் கல்யாணத்தில் போட்ட நகை. எத்தனை பவுன், எது யாரிடம், பாங்கு லாக்கரிலா அடகிலா என்று வரிசையாக எழுதாமல் "பேசி முடித்துக்கொண்டோம்" என்று ஒரே வரியில் விட்டால் பின்னால் அதுவே அடுத்த வழக்காகும்.

சம்மதம் இல்லையென்றால் காரணத்தை நிரூபிக்க வேண்டும்: கொடுமை, இரண்டு வருடமாகக் கைவிட்டது, வேறு உறவு என்று. "இனி ஒத்துவராது" என்பது மட்டும் போதாது. அந்தக் காரணத்தில் விவாகரத்து கொடுக்கும் தனி அதிகாரம் உச்ச நீதிமன்றத்திடம்தான் இருக்கிறது.

எங்கே போடுவது? கல்யாணம் நடந்த இடம் அல்லது கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த இடம். இந்து மனைவி என்றால் இப்போது அவர் வசிக்கும் இடத்திலும் போடலாம். அதாவது சென்னையில் வாழ்ந்துவிட்டு அம்மா வீட்டுக்குத் திரும்பிய பெண் இங்கேயே போடலாம். கிறிஸ்தவ மனைவிக்கு அந்த வசதி சட்டத்தில் எழுதப்படவில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கல்யாணச் சான்று அல்லது சர்ச் சான்று, கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வருமான ஆதாரம். பதிவு செய்யவில்லையே என்று தயங்க வேண்டாம், பத்திரிகையும் போட்டோவும் சாட்சிகளும் போதும். கணவர் வளைகுடாவில் இருந்தால் அவருடைய சரியான விலாசத்தைத் தேடி எடுங்கள், நோட்டீஸ் போய்ச் சேராமல்தான் நம்ம பக்கத்து வழக்குகள் இழுக்கின்றன. அங்கிருப்பவர் தனக்காக வழக்கை நடத்த வேறொருவருக்குப் பவர் பத்திரம் கொடுத்தால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, பத்திரம் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

மனுவை ஏற்று கோர்ட் எண் கொடுத்ததும் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர் எதிருரை, அதாவது பதில் மனு, போடுவார். கோர்ட் கவுன்சிலிங்குக்கு அனுப்பும். சேர்த்து வைக்கத்தான் முதலில் முயல்வார்கள், அதற்குப் பயந்து போகாமல் இருக்காதீர்கள். அதற்கப்புறம் சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போடலாம். இதற்கு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அடி, மிரட்டல் இருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் தனியாகப் பாதுகாப்பு கேட்கலாம், பெண்கள் உதவி எண் 181-ல் கூப்பிடலாம்.

வக்கீலுக்குக் காசில்லை என்று நிறைய பெண்கள் வருடக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவச சட்ட உதவி சட்டப்படி உரிமை. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், சட்ட உதவி எண் 15100-க்கும் போன் செய்யலாம்.

தீர்ப்பு வந்த அன்றே மறுகல்யாணத்துக்கு நாள் பார்க்காதீர்கள், மேல்முறையீட்டுக் காலம் முடியட்டும். மேல்முறையீடு போனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். சான்றிட்ட நகலுக்கு உடனே மனு போட்டு இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள், பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுக்கவும் அடுத்த திருமணப் பதிவுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.