எகிப்தியர்களின் முகச்சுருக்கத் தைலம்: வீட்டில் காய்ச்சும் முறை

பண்டைய எகிப்து அழகுக்குறிப்பு என்றாலே கிளியோபாட்ராவின் கழுதைப்பால் குளியலில்தான் ஆரம்பிக்கிறார்கள். கழுதைப்பால் குளியலைப் பற்றி ரோம எழுத்தாளர் பிளினி எழுதியது ரோமப் பேரரசன் நீரோவின் மனைவி பொப்பேயாவை வைத்து. அதை விடுங்கள். எகிப்தியர்களே எழுதி வைத்தது இருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுருளில் முகச்சுருக்கத்துக்கு ஒரு மருந்து: குந்திரிக்கம், மெழுகு, முருங்கை விதை எண்ணெய், கோரைக்கிழங்கு. எல்லாம் ஒவ்வொரு பங்கு. நைசாக அரைத்து, குழகுழப்பான ஒரு சாற்றில் கலந்து, தினமும் முகத்தில் பூச வேண்டும்.

தைலம் காய்ச்சுகிறவள் நான். இந்தப் பட்டியலைப் பார்த்ததுமே எழுதியவருக்குத் தோலைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்று மதிப்பு வந்தது. எண்ணெய் தோலை மென்மையாக்கும், மெழுகு ஈரம் பறக்காமல் பிடித்து வைக்கும். பாலைவனக் காற்றில் இருந்தவர்களுக்கு இது ஆடம்பரமே இல்லை. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், டெய்ர் எல் மதீனா கிராமத்தில் குடியிருந்து அரசர் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்கள் கூலி வராமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். துணி இல்லை, தைலம் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று முறையிட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தைலத்தையும் கேட்டிருக்கிறார்கள்!

சரி, செய்முறைக்கு வருவோம். பாப்பிரஸ் சொல்வதுபோல் மெழுகும் எண்ணெயும் சம அளவு போட்டால் கட்டியாக இறுகிவிடும். முகத்தில் தடவ வராது. 40 மில்லி எண்ணெய்க்கு 10 கிராம் தேன்மெழுகு என்பது என் கணக்கு. குந்திரிக்கத் தூளும் உலர்ந்த கோரைக்கிழங்குத் தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி போதும். சாற்றைச் சேர்க்க வேண்டாம். தண்ணீர் கலந்த தைலம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

பொறுமை தேவைப்படுவது குந்திரிக்கத்தைப் பொடிப்பதற்குத்தான். அப்படியே இடித்தால் உலக்கையில் பிசின்போல் ஒட்டிக்கொண்டு வராது. அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து உடனே இடியுங்கள். சர்க்கரைக் கட்டிபோல் உடையும். கை சூட்டில் மறுபடி இளகத் தொடங்கினால் திரும்பவும் உள்ளே வையுங்கள்.

இரண்டு தூளையும் எண்ணெயில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். நேரடித் தீ கூடாது. பிசின் முழுவதும் கரையாது, அடியில் கொஞ்சம் தங்கும். மெல்லிய துணியில் சூடாகவே வடிகட்டி, அதில் மெழுகைப் போட்டு உருக்குங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு பரவ வேண்டும். இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் எண்ணெய், தண்ணீராக ஓடினால் கொஞ்சம் மெழுகு. ஈரமே இல்லாத கண்ணாடிச் சீசாவில் ஊற்றி ஆறவிட்டு மூடுங்கள்.

முதலில் முன்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் விடுங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து இளக்கிப் பூசுங்கள். பருவரும் எண்ணெய்ச் சருமத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

அதே சுருளில் உடம்புக்குத் தேய்க்கவும் ஒன்று உண்டு: தேன், நேட்ரான் என்ற கார உப்பு, வடக்கு எகிப்து உப்பு. நேட்ரானுக்குப் பதில் சமையல் சோடா ஒரு சிட்டிகை போதும். அதற்கு மேல் போனால் காரம் தோலை வறட்டும். முழங்கை, முழங்கால், குதிகால் இவற்றுக்கு மட்டும் தேய்த்துக் கழுவி, அப்புறம் மேலே சொன்ன தைலத்தைத் தடவுங்கள். முகத்தில் வேண்டவே வேண்டாம்.

கண்மை மட்டும் அவர்கள் வழியில் செய்யாதீர்கள். அவர்களுடைய கறுப்பு மை பெரும்பாலும் கலீனா, அதாவது ஈயத் தாது. லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மைக் குப்பிகளை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர்கள், அந்த ஈய உப்புகள் மிகச் சிறிய அளவில் தோல் செல்களின் நோய் எதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்று 2010இல் வெளியிட்டார்கள். அதை நம்பி யாரும் ஈயத்தைக் கண்ணில் வைக்கக் கூடாது, குழந்தைகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது. ஈயம் இல்லை என்று பரிசோதித்த மையை வாங்கி, அவர்களைப்போல் வால் நீட்டி வரைந்துகொள்ளுங்கள்.