பாலிமர் பிஸ்டல்: கைப்பிடியையும் டிரிகரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

இது அமெரிக்காவில் முதல் பாலிமர் பிஸ்டல் (கைப்பிடிச் சட்டம் கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது) வாங்க நினைப்பவர்களுக்கானது. இந்தியாவில் 9 மி.மீ. தோட்டா அளவு தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. அமெரிக்காவிலும் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே விதிதான். முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் எல்லோரும் முதலில் டிரிகரைத்தான் அமுக்கிப் பார்ப்பார்கள். வரிசை தலைகீழ். கை சரியாக உட்காராத பிஸ்டலில் நல்ல டிரிகரும் மோசமாகத்தான் தெரியும். அதனால் முதலில் பிடி, பிறகு டிரிகர், கடைசியில் தோட்டா.

படி 1: காலி என்று உறுதிசெய்தல்

மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்றுங்கள். அதன் பிறகே ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதியை) இழுத்துப் பூட்டுங்கள். இந்த வரிசை மாறினால், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். பார்ப்பவருக்கோ 'காலி செய்தாயிற்று' என்ற நினைப்பு. சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். குழல் எப்போதும் ஆளில்லாத பக்கம். வீட்டில் பார்ப்பதென்றால் தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

கடையில் டிரிகரை அமுக்கும் முன் "டிரை ஃபயர் செய்யலாமா?" என்று கேளுங்கள் (தோட்டா இல்லாமல் டிரிகரை இழுப்பதுதான் டிரை ஃபயர்). இன்றைய 9 மி.மீ. பிஸ்டல்களுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் கேட்பது மரியாதை. .22 ரிம்ஃபயர் ரகத்தில் (தோட்டாவின் விளிம்பில் அடிபட்டு வெடிப்பது) மட்டும் தவிருங்கள். பலவற்றில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) சேம்பர் விளிம்பில் இடித்துப் பள்ளம் விழும். சில மாடல்களில் மேகசின் இல்லாமல் டிரிகர் வேலை செய்யாது. அப்படியானால் காலி மேகசினைப் போட்டுக்கொள்ளுங்கள், பழுது என்று நினைக்க வேண்டாம்.

படி 2: பிடி

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வளைவு, கைப்பிடியின் பின்புற உச்சியில் இடைவெளியின்றி ஏறி உட்கார வேண்டும். சதை மேலே பிதுங்கினால் ஸ்லைடு பின்னால் வரும்போது கீறும். தடித்த கை உள்ளவர்கள் கிளாக் நிறுவனப் பிஸ்டல்களில் இதை அனுபவிப்பார்கள். பேக்ஸ்ட்ராப் (கைப்பிடியில் கழற்றி மாற்றும் பின்தகடு) மாட்டும் வசதியுள்ள மாடல்களில், பின்னால் நீண்ட வால் உள்ளதைப் போட்டால் தீரும்.

அப்படிப் பிடித்தபடியே குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிடியைத் தளர்த்தாமல், திருப்பாமல், ஆள்காட்டி விரலை டிரிகரில் வையுங்கள். முதல் மூட்டுக்கு முன்னுள்ள சதைப்பகுதியின் நடு அங்கே படிந்தால் அளவு சரி. நுனி மட்டும் எட்டினால் கைப்பிடி பெரிது; விரல் முதல் மூட்டைத் தாண்டி உள்ளே போனால் சிறிது. அளவு தப்பினால் டிரிகரை நேராகப் பின்னுக்கு இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுவீர்கள். குண்டு இலக்கின் ஓரத்துக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் பேக்ஸ்ட்ராப் உதவும். கிளாக் 2010-இல் நான்காம் தலைமுறையில் இதைக் கொண்டுவந்தது. நடுத்தரம் போட்டால் டிரிகர் தூரம் 2 மி.மீ. கூடும், பெரியது போட்டால் 4 மி.மீ. கேட்க அற்பம், விரல் நுனியில் அது முழு வித்தியாசம். 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் முன்பக்க விரல் பள்ளங்களை எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். அந்தப் பள்ளத்தில் விரல் பொருந்தாதவர்களுக்குப் பழையது ஓயாத தொல்லை.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி எம்2.0-இல் நான்கு அளவுகள். கைப்பிடியின் அடியில் உள்ள சாவியைக் கால் சுற்றுத் திருப்பி உருவினால் பின்தகடு கழன்றுவிடும், வேறு கருவி வேண்டாம். எச்.கே. விபி9 (2014) இன்னும் ஒரு படி மேலே: பின்தகடு மூன்று அளவு, இரு பக்கத் தகடுகளும் மும்மூன்று அளவு, மொத்தம் 27 சேர்க்கை. சிக் பி320-இல் டிரிகர் இயக்கம் தனிப் பெட்டகம். வரிசை எண் அதில்தான் இருக்கிறது, அதனால் கைப்பிடி முழுவதையுமே வேறு அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைக் கவுன்ட்டரில் நடுத்தர அளவு மாட்டியதுதான் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்து 'எனக்குப் பொருந்தவில்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள். மற்ற அளவுகளையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு இரண்டாவது கை. வலக்கையால் பிடித்த பின் இடப்பக்கத் தகட்டில் எவ்வளவு இடம் மிச்சம்? இடது உள்ளங்கையின் அடிமேடு அங்கே முழுதாகப் படிய வேண்டும். வலக்கை விரல் நுனிகள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் கைப்பிடி உங்களுக்கு மெலிசு. 'சின்னக் கைக்குச் சின்னக் கைப்பிடி' என்ற அறிவுரை இங்கே பாதிதான் உண்மை.

சொரசொரப்பைத் தடவி மட்டும் பார்க்காதீர்கள், இறுக்கிப் பிடியுங்கள். எம்2.0-இன் பரப்பு உப்புத்தாள் மாதிரி. வியர்த்த கையில் அருமையாக நிற்கும், இடுப்பில் சட்டைக்குள் செருகினால் தோலைத் தேய்க்கும். டிரிகர் கார்டின் (டிரிகரைச் சுற்றிய வளையத்தின்) அடிப்பக்கம் நடுவிரல் கணுவில் உராய்கிறதா என்றும் பாருங்கள். கடையில் அது பெரிதாகத் தெரியாது, நூறு தோட்டா சுட்டபின் சிவந்து காட்டும்.

படி 3: டிரிகர்

எடையை (டிரிகரை இழுக்கத் தேவையான விசையை) மட்டும் கேட்டுப் பயனில்லை. கிளாக், விபி9, வால்தர் பிடிபி எல்லாவற்றுக்கும் பட்டியல் எடை ஐந்து முதல் ஆறு பவுண்டுக்குள், அதாவது சுமார் இரண்டரை கிலோவை ஒட்டியே வரும். விரலுக்கு அவை ஒன்றுபோல் தெரிவதே இல்லை. வித்தியாசம் இழுவையின் வடிவத்தில்.

மெதுவாக, நான்கைந்து விநாடி எடுத்து இழுங்கள். முதலில் லேசான தளர்வு ஓட்டம். பிறகு விரல் ஓரிடத்தில் முட்டும். அங்கே நிறுத்தி மேலும் அழுத்துங்கள்: ஸ்ட்ரைக்கர் (இந்த ரகங்களில் தோட்டாவை அடிக்கும் ஊசி) விடுபடும் வரை டிரிகர் நகர்கிறதா, ஊர்கிறதா, மணல் அரைபடுவது போல் இருக்கிறதா? கிளாக் முட்டிய பிறகு ஸ்பிரிங்கை அமுக்குவது போல உருண்டு போய் விடுபடும். விபி9-லும் பிடிபி-யிலும் முட்டுமிடம் தெளிவு, உடைவு சுருக்கம். புதியவர்களுக்கு இரண்டாவது வகைதான் உடனே பிடிக்கும், ஆனால் அவசரத்தில் எதிர்பார்த்ததற்கு முன்பே விடுபட்டுவிடுவதும் அதில்தான்.

இப்போது ரீசெட், அதாவது டிரிகர் அடுத்த சுடுதலுக்குத் தயாராகும் இடம். டிரிகரை விடாமல் பிடித்தபடியே மறுகையால் ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடுங்கள். விரலை மெல்லத் தளர்த்துங்கள். ஒரு 'டிக்', சத்தமும் கேட்கும், விரலிலும் தட்டும். அங்கேயே நிறுத்தித் திரும்ப இழுத்தால் அடுத்த சுடுதல். கிளாக்கில் இந்த டிக் பலமானது, தவறவிட முடியாது. தொடக்கக் கால எம்&பி-யில் மங்கலாக இருந்தது, 2017-இன் எம்2.0-இல் தேற்றிவிட்டார்கள்.

டிரிகர் எடை அளக்கும் கருவி வாங்கினால், அதன் கொக்கியை எல்லாப் பிஸ்டலிலும் டிரிகரின் நடு வளைவிலேயே மாட்டுங்கள். கீழ் நுனியில் மாட்டினால் நெம்பு நீளம் கூடி எடை குறைவாகக் காட்டும். அதை நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். டிரிகர் நடுவில் பாதுகாப்பு நாக்கு உள்ள ரகங்களில் கொக்கி அதையும் சேர்த்து அமுக்க வேண்டும். குழலுக்கு இணையாக இழுத்து, பத்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. முன் சைட்டுக்கு (குறிபார்க்கும் முனைக்கு) பின்னால் ஸ்லைடு மேல் ஒரு வெற்றுத் தோட்டாக் கூட்டை நிற்கவைத்து டிரை ஃபயர் செய்யுங்கள். பத்துக்கு எட்டு முறை விழாமல் நின்றால் அந்தப் பிடியும் டிரிகரும் உங்களோடு ஒத்துப்போகின்றன. எப்போதும் ஒரே பக்கமாக விழுந்தால் பேக்ஸ்ட்ராப் மாற்றி மறுபடி பாருங்கள். டிரிகர் மேல் போட்ட பழி பல நேரம் கைப்பிடியுடையது என்று அப்போது தெரியும்.

படி 4: ரேஞ்சில்

வாடகைக்கு இரண்டு அல்லது மூன்று பிஸ்டல் போதும். ஒவ்வொன்றுக்கும் 50 தோட்டா, எல்லாவற்றுக்கும் ஒரே நிறுவனத்தின் 115 கிரெயின் (குண்டின் எடை) எஃப்.எம்.ஜே. (முழு உலோக உறை போட்ட குண்டு). தோட்டா மாறினால் உதைப்பு மாறும், ஒப்பீடு கெடும். கண்ணுக்கும் காதுக்கும் கவசம் போட்டுக்கொண்டு, 7 யார்டில் (சுமார் 6.4 மீட்டர்) ஐந்தைந்தாகச் சுடுங்கள்: முதல் சுற்றில் அ, ஆ, இ, அடுத்த சுற்றில் இ, ஆ, அ. கை களைத்த பிறகு எடுக்கும் பிஸ்டலுக்கு அநியாயம் நேராமலிருக்க இந்த ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்குத்தாள், மேலே பெயர்.

குண்டுகள் நெருங்கி விழுந்து ஆனால் இடம் தள்ளியிருந்தால் சைட்டையும் விரல் நிலையையும் பாருங்கள். வலக்கைக்காரருக்கு இடது-கீழே சிதறினால், பெரும்பாலும் டிரிகரோடு மற்ற நான்கு விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. ஐந்து தோட்டாவுக்குள் இரண்டு முறை பிடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்தக் கைப்பிடியை விட்டுவிடலாம்.

டிரிகர் பிடிக்கவில்லையென்றால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் முதல் ஆயிரம் தோட்டா வரை கைவைக்காதீர்கள். உரசும் பரப்புகள் பழகி இழுவை தானாகவே மிருதுவாகும். குறிப்பாக, எடை குறைக்க லேசான ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் போட்டால் அடி பலம் குறைந்து, கடினமான பிரைமர் (அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) உள்ள தோட்டாக்கள் வெடிக்காமல் நின்றுவிடும்.