பல் டாக்டர் என்றாலே நடுக்கமா? தடா, சூலூர்பேட்டையிலிருந்து வடசென்னைக்கு வந்து பல் வைத்தியம் பார்க்கும் முறை

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை பக்கம் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பொன்னேரி, எண்ணூர், திருவொற்றியூரில் சொந்தபந்தம் உண்டு. பல் வலி முற்றினால், "கிளம்பி வந்துடு, இங்கேயே பாத்துக்கலாம்" என்று அண்ணனோ அத்தையோ கூப்பிடுவார்கள். வருகிறவர் பல் நாற்காலியைப் பார்த்தாலே வியர்க்கிறவராக இருந்தால், காலை வண்டியில் வந்து, பல்லைப் பிடுங்கிக்கொண்டு, சாயங்கால வண்டியில் திரும்பிவிடலாம் என்று போடும் கணக்குதான் காரியத்தைக் கெடுக்கிறது. பயத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து நாள் ஒதுக்கினால், பல வருஷம் தள்ளிப்போட்ட வைத்தியம்கூட அமைதியாக முடியும். அதை எப்படி ஒதுக்குவது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். கூப்பிடும் சொந்தக்காரரும் படிக்க வேண்டும். பாதி வேலை அவருடையது.

எத்தனை முறை வர வேண்டும்

சொத்தையை அடைப்பதும் பல்லைச் சுத்தம் செய்வதும் ஒரே நாளில் முடியும். ஆடும் பல்லைப் பிடுங்குவதும் அப்படியே. ரூட் கெனால், அதாவது பல்லின் உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முறை. அதன் பிறகு பல்லின் மேல் மூடிபோல ஒட்டும் கேப் போட அளவெடுக்க ஒரு நாள், லேபிலிருந்து கேப் வர நான்கு முதல் ஏழு நாள், ஒட்ட ஒரு நாள். சாய்ந்து முளைத்த ஞானப்பல்லை அறுத்து எடுத்தால் தையல் பிரிக்க ஏழாம் நாள் வர வேண்டும். தானாகக் கரையும் தையல் போட முடியுமா என்று முன்பே கேட்டால் அந்தப் பயணம் மிச்சம். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பில் திருகு பதித்துச் செயற்கைப் பல் வைக்கும் இம்பிளான்ட் என்றால் எலும்போடு திருகு பிடிக்கவே சாதாரணமாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதை ஒரே லீவில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், எந்த முறையில், ஏன் என்று விளக்கம் கேளுங்கள்.

ரூட் கெனாலில் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. முதல் சிட்டிங்கிலேயே பல்லின் உள்ளே இருக்கும் அழற்சியான நரம்பை எடுத்துவிடுவார்கள், வலி போய்விடும். வலி போனதும், அவ்வளவு தூரம் மறுபடி எதற்கு என்று தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது தற்காலிக அடைப்பு. சில வாரத்தில் அது தேய்ந்து கசிந்து, கிருமி மறுபடி உள்ளே இறங்கும். கேப் போடாத கடைவாய்ப்பல் ஒரு முறுக்கைக் கடித்தாலே நட்டநடுவே பிளக்கலாம். அப்படிப் பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது. ஆகவே கிளினிக்கை விட்டு வெளியே வரும் முன் அடுத்த தேதியை எழுதி வாங்குங்கள். சொந்தக்காரர் அதைத் தன் போனிலும் குறித்துக்கொள்ளட்டும்.

எங்கே போவது

கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் நிறைய உண்டு. அதற்கு மேல் தடா, சூலூர்பேட்டை வரை போகும் வண்டிகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. அதனால் அப்பாயின்ட்மென்ட்டை முற்பகலில் வாங்குங்கள். திங்கள் அல்லது செவ்வாய் நல்லது. சனிக்கிழமை பல்லைப் பிடுங்கி ஞாயிறு வீங்கினால், கிளினிக்கும் பூட்டியிருக்கும், வண்டியும் கிடைக்காது.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்துத் தனியார் கிளினிக்குகள் பலவற்றில் ரூட் கெனால் நிபுணரும் அறுவை செய்பவரும் வாரத்தில் சில நாள் மட்டும் வந்துபோவார்கள். எந்தக் கிழமை, யார் வருகிறார் என்று போனிலேயே கேளுங்கள். டாக்டரின் பெயர், பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். பட்டம், தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் மூன்றும் பலகையிலோ சீட்டிலோ இருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனை என்றால், 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நிலையத்தில் கடற்கரை வண்டி ஏறினால் அடுத்த நிலையம் கோட்டை. எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் வைத்தியம் செய்வார்கள்; ஒவ்வொரு படியிலும் நேரம் கூடும், வரிசை நீளும். பக்கத்து நாற்காலியின் டிரில் சத்தம் தாங்காதவருக்கு அந்தக் கூட்டம் சிரமம்தான். சிக்கலான அறுவைக்கு அங்கே போவதும், சாதாரண வேலைக்கு அமைதியான சின்ன கிளினிக்கைத் தேடுவதும் நம் பரிந்துரை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்காரர்களுக்கானது. அதை நம்பி வராதீர்கள்.

முதல் நாள் ஊசியே வேண்டாம்

முகமெல்லாம் வீங்கி, காய்ச்சலோடு வந்தால் ஒழிய, முதல் நாளைப் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் மட்டும் வையுங்கள். போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, "பேஷன்ட் ரொம்ப பயப்படுவாங்க, முதல் நாள் செக்கப் மட்டும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சர்க்கரை இருப்பதைச் சொல்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். பயத்தை மறைத்தால் டாக்டர் வழக்கமான வேகத்தில் போவார்.

அன்று எக்ஸ்ரே எடுப்பார்கள். முழுத் தாடைக்கான ஓ.பி.ஜி. படத்துக்கு வாய்க்குள் எதையும் ஆழமாக வைக்க மாட்டார்கள். ஒற்றைப் பல் படத்துக்கு உள்ளே ஒரு சின்னத் தகடு வைக்கும்போது குமட்டினால், மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு கால்விரல்களை ஆட்டுங்கள். கவனம் மாறினால் குமட்டல் பெரும்பாலும் தணியும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவற்றை வீட்டிலேயே தாளில் எழுதி வாருங்கள். பயத்தில் பாதி மறந்துபோகும். பி.பி., சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், மாத்திரை அலர்ஜி எல்லாம் அதில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தானாக நிறுத்தவே கூடாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதைப் பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். ஊரில் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் கொண்டுவாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், தட்டிப் பார்க்கும்போது எந்தப் பல் என்று சரியாகத் தெரியாது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நிறைய ஊற்றி வைப்பவர்களுக்கு ஈறு வெந்து இன்னொரு புண் வருகிறது. வைக்காதீர்கள்.

செலவை எழுதி வாங்குங்கள். ரூட் கெனால் என்று சொல்லும் தொகையில் கேப் பெரும்பாலும் சேராது. எக்ஸ்ரே, கேப், உடைந்த பல்லுக்குள் வைக்கும் போஸ்ட் தனித்தனியாக வரும். கேப்பில் உலோகத்தின் மேல் பீங்கான் ஒரு விலை, சிர்கோனியா வேறு விலை.

கிளம்பும் முன் டாக்டரோடு ஒரு சைகை பேசிக்கொள்ளுங்கள். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும். டாக்டர் பொதுவாக வலப் பக்கம் இருப்பதால் இடது கை அவர் கையில் தட்டாது. இந்தச் சைகைக்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் பயப்படுகிறவர் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

ஊசி போடும் நாள்

வெறும் வயிற்றில் வராதீர்கள். பயமும் பசியும் சேர்ந்தால் மயக்கம் வரும்; அதைப் பலர் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னால் இட்லியோ தோசையோ சாப்பிடுங்கள். சர்க்கரைக்காரர் மாத்திரையும் போட்டு, சாப்பாடும் சாப்பிட்டு வர வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தால் மட்டும் டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. அன்று தனியாக ரயில் ஏறவும் கூடாது. தைரியத்துக்குக் குடித்துவிட்டு வருவது ஆபத்து. ரத்தப் போக்கு கூடும், கொடுக்கும் மாத்திரையோடு மோதும்.

ஊசி குத்தும் இடத்தில் முதலில் மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லுங்கள். தடவி ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால்தான் வேலை செய்யும். அவசரத்தில் உடனே குத்தினால் தடவியும் பயனில்லை. மருந்தை மெல்ல ஏற்ற ஏற்ற வலி குறையும். ஏறக்குறைய 2 மில்லி மருந்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் டாக்டர் நல்ல டாக்டர்.

பல் ஊசியில் பெரும்பாலும் மரக்கச் செய்யும் லிக்னோகெயினோடு, இதயத் துடிப்பைக் கூட்டக்கூடிய அட்ரினலினும் சேர்ந்திருக்கும். போட்டவுடன் நெஞ்சு படபடவென்று அடித்தால் அதுதான் பெரும்பாலும் காரணம். சில நிமிடத்தில் அடங்கும். இது முன்பே தெரியாதவர்கள் மாரடைப்பு என்று பதறி நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். படபடப்பை டாக்டரிடம் சொல்லுங்கள், நிதானமாக மூச்சை வெளியே விடுங்கள். அடங்கவில்லை, நெஞ்சில் வலி என்றால் உடனே சொல்ல வேண்டும்.

கீழ்த்தாடைக்குப் போட்டால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கத்து உதடு பாதி தடித்தது போலாகும். உதடு மரக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். இன்னொரு ஊசி போடலாம். மரத்த பிறகும் அழுத்துவது, இழுப்பது, கடகடவென்ற சத்தம் எல்லாம் தெரியும். சுருக்கென்ற வலி மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் இடது கை மேலே போகட்டும். கடுமையாக வீங்கிச் சீழ் பிடித்த இடத்தில் மருந்து சரியாக ஏறாது என்பதால், முதலில் சீழை வெளியேற்றிவிட்டு, சில நாள் கழித்துப் பிடுங்கலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கருவிகள் ஆட்டோகிளேவ் செய்த, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய, உறையிலிருந்து உங்கள் எதிரில் பிரிக்கப்படுகின்றனவா, ஊசி புதிதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கூட வருகிறவர் "ஒண்ணுமில்லக்கா, சின்ன ஊசி" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டர் சொன்னதை நினைவூட்டினாலே போதும்.

பிடுங்கிய பிறகு

வைத்த பஞ்சை முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் அழுத்திக் கடியுங்கள். அந்த நேரம் கிளினிக்கிலேயே உட்கார்ந்திருங்கள். ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். துப்பிக்கொண்டே இருந்தால் குழியில் உறைந்த கட்டி பெயர்ந்து மறுபடி கசியும். எச்சிலை விழுங்குங்கள். மறுநாள் வரை எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்புதான். கைவசம் நான்கு சுத்தமான பஞ்சுத் துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கசிந்தால் மறுபடி அரை மணி கடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உதடு மரத்திருக்கும் சில மணி நேரமும் மென்று சாப்பிடாதீர்கள். கன்னத்தைக் கடித்துக்கொண்டது தெரியாமலே போகும். வலி மாத்திரையின் முதல் வேளையை மரப்பு விடுவதற்கு முன் போட வேண்டும். முதல் நாள் சூடான டீயும் ஸ்ட்ராவும் வேண்டாம். பீடி, சிகரெட், ஹான்ஸ் வகையறாவைப் புண் ஆறும் வரை தொடாதீர்கள். ஒரு நாள் கழிந்த பிறகு, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

ஞானப்பல் எடுத்தவர் மூன்று இரவாவது வடசென்னைச் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்குவது நல்லது. குழியில் ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரியும் 'டிரை சாக்கெட்' வலி சாதாரணமாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். காது வரை இழுக்கும். குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றே தணியும். ஆனால் சூலூர்பேட்டையிலிருந்து அந்த வலியோடு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிப்பறை இல்லாத மின்சார ரயிலில் வருவது கொடுமை.

வாயைத் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, தாடைக்கு அடியில் வீக்கம் இறங்குகிறது, மூச்சு முட்டுகிறது, காய்ச்சல் ஏறுகிறது என்றால் வைத்தியம் பார்த்த டாக்டரைத் தேடி எல்லை தாண்டாதீர்கள். எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அப்போதே போங்கள்.

திரும்பும்போது கையில் இருக்க வேண்டியவை

சிகிச்சைக் குறிப்பு ஒன்று எழுதி வாங்குங்கள். எந்தப் பல் (46 என்று இருந்தால் கீழே வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல்), அதில் எத்தனை கெனால் (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்), எந்தத் தேதியில் என்ன செய்தார்கள், உள்ளே இருப்பது தற்காலிக அடைப்பா நிரந்தர அடைப்பா, கேப் என்ன வகை என்று அதில் வரட்டும். எக்ஸ்ரே படங்களை வாட்ஸ்அப்பிலும் அனுப்பச் சொல்லுங்கள். நாயுடுபேட்டையிலோ நெல்லூரிலோ இன்னொரு டாக்டர் தொடர வேண்டி வந்தால், இந்தத் தாள் இருந்தால் ஆரம்பத்திலிருந்து தோண்ட வேண்டியிருக்காது.

கேப் ஒட்டும் நாளில், நன்றாக ஒட்டுமுன் இரண்டு பக்கமும் கடித்துப் பாருங்கள். ரூட் கெனால் முடிந்த பல்லுக்குப் பெரும்பாலும் அன்று ஊசி தேவைப்படாது என்பதால், கடி உயரம் சரியா என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். முடிபோல உயரம் கூடியிருந்தாலும் அங்கேயே தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். பழகிவிடும் என்று எழுந்து வந்தால், மென்று மென்று அந்தப் பல் வலிக்கத் தொடங்கி, அரை நிமிட வேலைக்காக மறுபடி ரயில் ஏற வேண்டியிருக்கும்.