க்ளே சுட ஷாட்கன் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் (இயந்திரம் வீசும் க்ளே, அதாவது களிமண் தட்டை, ஷாட்கன்னால் உடைக்கும் போட்டி) சுட்டதிலிருந்து, சேலத்தில் "அண்ணா, எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்று கேட்கும் தம்பிகள் கூடிவிட்டார்கள். கேட்டுவிட்டுப் போய், எங்கள் செட்டு அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். குழலை ஆள் பக்கம் திருப்பாதே, காதை அடைத்துக்கொள் என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தாத்தா துப்பாக்கி

ஏற்காட்டில் சில பழைய காபி எஸ்டேட் வீடுகளில் இங்கிலாந்து டபுள் பேரல் ஒன்று பீரோவில் இருக்கும். 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டைக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு அதற்கு வேலை குறைந்துவிட்டது. "லைசென்ஸை என் பேருக்கு மாற்றி இதிலேயே பழகிக்கிறேனே" என்பார்கள். தோளில் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கச் செய்த துப்பாக்கி அது. எடை மூன்று கிலோ சொச்சம்தான். ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு சுட்டால் அதன் உதை தோளைப் பதம் பார்த்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து தோட்டா அறையின் நீளம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மி.மீ. இன்று கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. உள்ளே போகும், குழலும் மூடிக்கொள்ளும். சுடும்போதுதான் தோட்டா முனையை மூடியிருக்கும் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். விஷயம் தெரிந்த மெக்கானிக் அளந்து சொல்லும்வரை சுடாதீர்கள்.

பம்ப் ஆக்‌ஷன்

முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் இந்த வகை, சர்வதேச விதிப்படி போட்டியில் செல்லாது.

உடம்புக்குப் பொருந்தாததை வாங்குவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சேலம் ஃபேர்லேண்ட்ஸ்காரர் ஒருவர், நல்ல உயரம், நீளமான கழுத்து. பல லட்சம் கொடுத்து இத்தாலி ஓவர்-அண்டர் (இரு குழலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது) வாங்கிவந்தார். "இது எல்லாருக்கும் பொருந்தும் சார்" என்று விற்றவர் சொன்னாராம். ஒரு தட்டு உடைந்தால் நாலு தட்டு முழுசாகப் போய் விழும். சோக்கை (ரவை, அதாவது தோட்டாவின் சிறு குண்டுகள், சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தக் குழல் முனையில் பொருத்துவது) மாற்றினார், தோட்டா பிராண்டை மாற்றினார், கண்ணாடியின் நிறத்தைக்கூட மாற்றினார். தோளில் வைக்கும் கட்டையை மட்டும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஷாட்கன்னில் பின்பக்கக் குறிமுள் கிடையாது. உங்கள் கண்தான் அது. கண் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது கட்டையில் கன்னம் பதிகிற மேல்விளிம்பு. அது தாழ்வாக இருந்தால் ரவை அடியில் போகும். டிராப் தட்டோ மேலே ஏறிக்கொண்டே ஓடுவது. அவர் கன்னத்தை அழுத்தினால் அடியில் போகும். தட்டு தெரியவில்லையே என்று தலையைத் தூக்கினால் மேலே போகும். "அவசரப்படுறீங்க" என்று ஆளாளுக்கு அறிவுரை வேறு.

கடைசியில் 16 கெஜத்தில் ஒரு தாளைக் கட்டி, ஒரே புள்ளியைப் பார்த்து நாலைந்து முறை சுடவைத்தோம். அந்தத் தூரத்தில் ரவைக்கூட்டம் ஓர் அங்குலம் விலகினால் கட்டையில் 1/16 அங்குலம் திருத்த வேண்டும் என்பது பழைய கணக்கு. விலகல் கண்ணாலேயே தெரிந்தது. அதற்குள் அவர், கை எட்ட வசதியாக இருக்கட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு மர ஆசாரியிடம் கட்டையின் பின்பக்கத்தை அறுத்திருந்தார்! இப்போது ஒவ்வொரு வெடிக்கும் கட்டைவிரல் மூக்கில் இடிக்கிறது.

விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்பீர்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் உள்ளவருக்கோ டீலருக்கோதான் விற்கலாம், அதுவும் கலெக்டர் ஆபீஸுக்கோ போலீஸுக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டு. அறுபட்ட கட்டைக்கு யார் விலை கொடுப்பார்?

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். காலித் துப்பாக்கிதான் என்று திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். கண்ணை மூடி, இயல்பாக எடுத்துக் கன்னத்தில் பதியுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் உங்கள் பக்கத்து முனை மட்டும் மறைத்துக்கொண்டு தெரிந்தால் கட்டை தாழ்வு. டிராப் துப்பாக்கியின் குழல்மேல் குறிபார்க்க இருக்கும் நடு மணியும் முனை மணியும் ஒன்றன்மேல் ஒன்றாக '8' போல அமர்ந்தால் உங்களுக்குத் தோதானது. சுடும்போது போடுகிற வெஸ்ட்டோடு பாருங்கள். சேலம் வெயிலில் மெல்லிய சட்டையோடு சரியாக இருந்த நீளம், ஏற்காட்டு டிசம்பர் ஸ்வெட்டருக்குமேல் அக்குளில் மாட்டும். மேல்விளிம்பை ஏற்றி இறக்கும் வசதி இருக்கிற மாடலுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் போனாலும் போகட்டும்.

எந்தக் கண் முந்துகிறது என்று பாராமல் வாங்குவது

இரு கண்ணையும் திறந்து தூரத்துக் கம்பத்தை விரலால் சுட்டுங்கள். வலக்கண்ணை மூடியதும் விரல் நகராமல் கம்பத்திலேயே நின்றால் உங்களுக்கு இடக்கண் முந்துகிறது. வலது தோளுக்கென்று வளைத்த கட்டையை வாங்குமுன் பயிற்சியாளரைக் கேளுங்கள்.

டிராப்பா, ஸ்கீட்டா?

ராஜ்யவர்தன் ராத்தோர் 2004 ஏதென்ஸில் வெள்ளி வென்ற டபுள் டிராப் இப்போது ஒலிம்பிக்கிலேயே இல்லை. மிச்சம் டிராப், ஸ்கீட் இரண்டும்தான். டிராப்பில் தட்டு விலகி ஓடும்: 30 அங்குலக் குழல், இறுக்கமான சோக். ஸ்கீட்டில் குறுக்கே பறக்கும்: 28 அங்குலம் போதும், திறந்த சோக். முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் முடிவு செய்துவிடுவார்.

சோக் டப்பா

துப்பாக்கியோடு வரும் சோக்குகளில் இரண்டு போதும். மற்றது டப்பாவிலேயே இருக்கும்.