பாஸ்வேர்டு மாற்றியதும் அக்கவுண்ட் லாக் ஆகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்வேர்டை மாற்றிய மறுநாள் காலையிலேயே அக்கவுண்ட் லாக். ஐடி பிரிவில் அன்லாக் செய்து தருவார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் லாக். பெரும்பாலும் இதில் ஊழியர் மேல் தப்பே இருக்காது. பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும் ஏதோ ஒரு கருவி அதையே திரும்பத் திரும்ப சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஆகவே, எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அன்லாக் செய்துகொண்டே இருப்பதுதான் பெரிய தவறு. விண்டோஸ் டொமைனில் (ஆபீஸ் அக்கவுண்டுகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) அக்கவுண்ட் லாக் ஆகும்போது, பாஸ்வேர்டுகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் (log, அதாவது பதிவேட்டில்) 4740 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். கன்ட்ரோலர்கள் பல இருந்தால், அவற்றில் பிடிசி எமுலேட்டர் (PDC emulator) என்ற பொறுப்பில் இருக்கும் ஒன்றில் தேடுங்கள். அந்தப் பதிவில் ‘காலர் கம்ப்யூட்டர் நேம்’ என்ற வரியைப் பாருங்கள். ஊழியரின் கம்ப்யூட்டர் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மெயில் சர்வரின் பெயரோ, வைஃபைக்கு அனுமதி தரும் ரேடியஸ் சர்வரின் பெயரோ இருந்தால் முதலில் போனைக் கேட்டு வாங்குங்கள்.

போனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லேப்டாப்பில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார், பையில் இருக்கும் போனோ பழையதை வைத்து ஆபீஸ் வைஃபையில் நுழையப் பார்க்கும். வீட்டில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, ஆபீசுக்குள் வந்ததும் லாக் ஆகிறது என்று ஒருவர் சொன்னால், அநேகமாக இதுதான். அந்த வைஃபையை போனிலிருந்து நீக்கிவிட்டுப் புதிய பாஸ்வேர்டோடு மறுபடி சேருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய டேப்லெட்டில் ஆபீஸ் மெயில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கம்ப்யூட்டரில்தான் பிரச்சினை என்றால், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தக்கூடாது. அந்த மெஷினின் செக்யூரிட்டி லாகில் 4625 பதிவுகளை (தோல்வியடைந்த லாகின் முயற்சிகளை) திறந்து ‘லாகான் டைப்’ எண்ணைப் பாருங்கள். 4 என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துப் போட்ட வேலை, 5 என்றால் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ். அப்புறம், வேறொரு சர்வரில் லாக் ஆஃப் செய்யாமல் விட்ட ரிமோட் டெஸ்க்டாப் செஷனும், பழைய பாஸ்வேர்டோடு மேப் செய்த (இணைத்து வைத்த) நெட்வொர்க் டிரைவும் இதே வேலையைச் செய்யும்.

அவசரத்தில் பாஸ்வேர்டை இன்னொரு முறை மாற்றுவதும் உதவாது, ஏற்கெனவே சரிசெய்த கருவிகளிலும் பழையது தங்கிவிடும். அதைவிட மோசம், தொல்லை தாங்காமல் லாக்அவுட் வரம்பையே (எத்தனை தவறான முயற்சிக்குப் பிறகு லாக் ஆக வேண்டும் என்ற எண்ணை) 0 ஆக்குவது. 0 என்றால் எத்தனை முறை தவறாகப் போட்டாலும் லாக் ஆகாது. ஒருவரின் போனைத் தேடச் சோம்பல்பட்டு, மொத்த ஆபீசின் பாஸ்வேர்டுகளையும் யார் வேண்டுமானாலும் ஊகித்துப் பார்க்க விடுவது நியாயமில்லை. மாற்ற வேண்டியது வேறு விதி: அடிக்கடி கட்டாயமாகப் பாஸ்வேர்டு மாற்றச் சொல்வது. மைக்ரோசாஃப்டே 2019இல் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து பாஸ்வேர்டு காலாவதி விதியை எடுத்துவிட்டது.

4740 பதிவில் உங்கள் ஆபீசில் இல்லாத கம்ப்யூட்டர் பெயர் வந்தாலோ, ஒரே நேரத்தில் பலருக்கும் லாக் ஆனாலோ, அது பழைய பாஸ்வேர்டு விவகாரமாக இல்லாமல் போகலாம். அன்லாக் செய்வதை நிறுத்திவிட்டுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரை உடனே கூப்பிடுங்கள்.